கருப்புப் பட்டைகளும் ஓட்டை விழுந்த தகடும்: சூலாஜின் எட்சிங்கில் என்ன பார்ப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: பிரான்ஸ் போயிருந்தபோது ஓர் அருங்காட்சியகத்தில் பியர் சூலாஜ் என்ற பிரெஞ்சு ஓவியரின் படம் ஒன்றைப் பார்த்தேன். காகிதத்தில் நாலைந்து தடித்த கருப்புப் பட்டைகள், இடையிடையே பழுப்பு, நடுவில் ஒழுங்கில்லாத வெள்ளை. கீழே 'எட்சிங், அக்வாடின்ட், 1950கள்' என்று குறித்திருந்தார்கள். அச்சடித்தது என்றால் அது ஏதோ ஓர் ஓவியத்தின் பிரதிதானே? அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சென்னையில் இருக்கும் என்னைப் போன்ற ஒருவர் இப்படி ஒன்றை வாங்க நினைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அது பிரதி அல்ல. அந்தப் படத்துக்கு மூலம் என்று ஒரு கான்வாஸ் எங்கும் மாட்டப்பட்டிருக்கவில்லை. சூலாஜ் ஒரு செப்புத் தகட்டின் மேல் வேலை செய்தார், அமிலத்தில் இட்டார், எடுத்துப் பார்த்தார், மறுபடியும் இட்டார். அந்தத் தகட்டில் மை ஏற்றிக் காகிதத்தின் மேல் அழுத்தியபோதுதான் படம் என்ற ஒன்றே உண்டானது. நூறு தாள் எடுத்தால் நூறும் மூலம்தான். அச்சு என்றதும் நமக்குக் காலண்டரும் சுவரொட்டியும் நினைவுக்கு வருகின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: நீங்கள் பார்த்த படத்தைத் தூரிகையால் வரைந்திருக்கவே முடியாது. அதிலுள்ள கருப்பும் வெள்ளையும் உலோகத்தை அமிலம் அரித்ததால் கிடைத்தவை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, தகட்டுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எட்சிங்கின் அடிப்படை எளிது. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகும் தாரும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு. கூரான ஊசியால் கீறினால் பூச்சு விலகிச் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் மூழ்கவிட்டால், செம்பு தெரியும் இடத்தை மட்டும் அமிலம் தின்னும். நைட்ரிக் அமிலமானால் கோட்டின் மேல் வரிசையாகக் குமிழிகள் எழும். அவற்றை ஒரு பறவை இறகால் மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு விட்டுவிட்டு அரிக்கும். பிறகு பூச்சைத் துடைத்தெடுத்து, தகடு முழுவதும் மையைத் தேய்த்து, கஞ்சி போட்ட சல்லாத்துணியால் மேற்பரப்பை மட்டும் துடைப்பார்கள். பள்ளத்தில் மை தங்கிவிடும். நனைத்துப் பதப்படுத்திய கனமான காகிதத்தை மேலே வைத்து, அதன்மேல் கம்பளி விரித்து, உருளை அழுத்தியில் ஓட்டினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். படம் இடவலம் மாறி விழும்.

இதில் கோடு கிடைக்கும், பரப்பு கிடைக்காது. ஓர் அங்குல அகலத்துக்குப் பூச்சை வழித்துவிட்டு அமிலத்தில் போட்டால் என்ன ஆகும்? அகலமான, வழவழப்பான பள்ளம் ஒன்று உண்டாகும். துணியால் துடைக்கும்போது அதன் நடுவிலிருக்கும் மையும் வழித்துக்கொண்டு போய்விடும். ஓரம் மட்டும் கருத்து, நடு வெளிறி நிற்கும். பட்டறைகளில் புதிதாக வரும் மாணவர்கள் எல்லோரும் சந்திக்கும் சிக்கல் இது.

இதற்கு விடையாக வந்ததுதான் அக்வாடின்ட். ரோசின் எனப்படும் பைன் மரப் பிசினை நுண்ணிய பொடியாக்கி, மூடிய பெட்டிக்குள் கிளப்பிவிட்டுத் தகட்டின் மேல் படியவிடுவார்கள். புழுதிக் காற்றடித்த மறுநாள் திண்ணையில் படிந்திருக்குமே, அந்த அளவுக்கு மெல்லிய, சீரான படிவு. அடியில் தீ காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது அமிலத்தில் இட்டால் துகள்களுக்கு அடியிலிருக்கும் செம்பு தப்பிக்கும், துகள்களுக்கு இடையிலிருப்பது அரிபடும். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத ஆயிரக்கணக்கான குழிகள் கொண்ட, சொரசொரப்பான பரப்பு கிடைக்கும். அதில் மை நின்று பிடிக்கும். சில விநாடிகள் அரித்தால் வெளிர்சாம்பல், அரை மணி நேரம் அரித்தால் அடர்கருப்பு. ஒரே தகட்டில் கருமையின் பல அளவுகள் வேண்டுமானால், போதுமான அளவு அரிபட்ட இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மற்ற இடத்தைத் திரும்பவும் அமிலத்துக்கு அனுப்ப வேண்டும். விளக்க அட்டையில் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான்: ஆழத்தையும் விளிம்பையும் எட்சிங் தருகிறது, பரப்பில் மை நிற்பதற்கு அக்வாடின்ட் வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சில் உருப்பெற்ற முறை இது. அதை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா. 1799இல் அவர் வெளியிட்ட 'காப்ரிச்சோஸ்' தொகுப்பின் 80 தகடுகளில் 32ஆவதில் ஊசிக்கோடே கிடையாது. சிறையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணை வெறும் அக்வாடின்ட் பரப்புகளால் உருவாக்கியிருக்கிறார். உருவங்களை எடுத்துவிட்டு அந்தத் தகட்டைப் பார்த்தால், இருளும் அரையிருளும் மோதும் பரப்புகள் மட்டுமே மிஞ்சும். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த, உருவங்களை விட்டுவிட்டு வடிவத்தாலும் நிறத்தாலும் மட்டுமே வரைந்த அருவ ஓவியர்களுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பிடித்தது என்பதற்கு அந்த ஒரு தாளே போதுமான விளக்கம் என்பேன்.

சூலாஜ் 1919இல் தென்பிரான்சின் ரொதேஸ் நகரில் பிறந்தவர். 2022இல், 102 வயதில் காலமானார். இரண்டாம் உலகப் போர் முடிந்து பாரிஸ் வட்டாரத்துக்கு வந்து குடியேறியவர், 1947 வாக்கில் வால்நட் கொட்டையின் தோலிலிருந்து எடுக்கும் சாயத்தால் காகிதத்தில் வரையத் தொடங்கினார். தச்சர்கள் மரத்துக்கு நிறமேற்றப் பயன்படுத்தும் மலிவான பழுப்புச் சாயம் அது. அடுத்த ஆண்டு உடைந்த கண்ணாடியில் தார் பூசினார். தொடக்கத்திலிருந்தே அவருக்குப் பொருளின் குணம்தான் முக்கியம். தன் ஓவியங்களுக்கு அவர் பெயரே வைத்ததில்லை: 'ஓவியம்' என்ற சொல், அளவு, தேதி, அவ்வளவுதான். எட்சிங்குகளுக்கும் வரிசை எண் மட்டுமே. எனவே இந்தப் பட்டைகள் எதைக் குறிக்கின்றன என்று தேட வேண்டாம். அவை மரமும் அல்ல, வாசலும் அல்ல, எழுத்தும் அல்ல.

1950களின் தொடக்கத்தில் அவர் எட்சிங்குக்கு வந்தார். வந்து சேர்ந்த இடம் பாரிஸ் மோன்மார்த்ர் குன்றிலிருந்த ரொழே லாக்கூரியேரின் பட்டறை. அந்தக் காலத்தில் அதைவிடக் கைதேர்ந்த இடம் அரிது. வோலார் என்ற கலை வணிகருக்காகப் பிக்காசோ செய்த 'வோலார் தொகுப்பு'த் தகடுகள் நூறும் அங்கே அச்சானவை. தூரிகையில் சர்க்கரைக் கரைசலைத் தொட்டுத் தகட்டில் நேரடியாக வரையும் முறையை 1930களில் பிக்காசோவுக்குக் கற்றுக்கொடுத்தவர் லாக்கூரியேர்தான். சர்க்கரைக் கோட்டின் மேல் வார்னிஷ் பூசி, காய்ந்ததும் வெந்நீரில் இடுவார்கள். சர்க்கரை ஊறி உப்பி வார்னிஷைத் தூக்கிவிடும். தூரிகை போன தடம் அப்படியே செம்பாகத் தெரியும். போருக்குப் பிந்தைய அருவ ஓவியர்கள் பலர் இந்த வழியாகத்தான் தகட்டுக்கு வந்தார்கள், ஏனென்றால் கையசைவு கெடாமல் உலோகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சூலாஜ் வேறு திசையில் போனார். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். ஒரு தகட்டில் இன்னும் ஆழமான கருப்பு வேண்டும் என்று அமிலத்தில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் அமிலம் செம்பைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. பொதுவாகப் பட்டறையில் இப்படி ஆனால் அந்தத் தகடு பழைய உலோகக் கணக்கில் போய்விடும். அவர் அதற்கு மையேற்றி அச்செடுத்துப் பார்த்தார்.

அந்தத் தாளில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பார்த்த வெள்ளை இதுதான். சாதாரண எட்சிங்கில் வெள்ளை என்று நாம் நினைப்பது முழு வெள்ளை அல்ல. தகட்டின் மேற்பரப்பை எவ்வளவு துடைத்தாலும் மையின் மிக மெல்லிய படலம் ஒன்று தங்கிவிடும். அது காகிதத்துக்கு ஏறி, அச்சு முழுவதற்கும் ஒரு மங்கல் சாயை தரும். ஓட்டை விழுந்த இடத்தில் தகடே இல்லை, எனவே மையும் இல்லை, படலமும் இல்லை. காகிதம் தன் சொந்த வெள்ளையோடு நிற்கிறது. அது மட்டுமல்ல, சுற்றிலும் தகட்டின் தடிமன் காகிதத்தைக் கீழே அமுக்க, ஓட்டைக்கு நேராக இருக்கும் பகுதி அமுங்காமல் மேலெழுந்து நிற்கிறது. ஒரே தாளில் மங்கலான வெள்ளையும் பளிச்சென்ற, புடைத்த வெள்ளையும் அடுத்தடுத்து. பக்கத்திலிருக்கும் கருப்பு அதனால் இன்னும் கருத்துப்போகிறது.

அதன் பிறகு அவர் தகட்டின் ஓரங்களையும் அமிலத்துக்கு விட்டுக்கொடுத்தார். எட்சிங் என்றால் நான்கு மூலையும் சதுரமான தகடு, காகிதத்தில் அதன் நேர்த்தியான நாற்கோணத் தடம் என்பதுதான் பல நூற்றாண்டுப் பழக்கம். சூலாஜின் பிற்காலத் தகடுகளின் ஓரம் கடித்துக் குதறியதுபோல் வளைந்து நெளிந்து போகிறது. படத்தின் உருவமும் தகட்டின் உருவமும் ஒன்றாகிவிட்டன. படத்தைச் சுற்றியுள்ள வெற்றுக் காகிதம் சட்டகமாக இல்லாமல் படத்துக்குள் நுழைகிறது. இந்தத் தகடுகளைப் பொருட்களாகவே மதித்தவர் அவர். 1970களின் நடுவில் அவற்றை ஆதாரமாக வைத்துப் பெரிய வெண்கல வார்ப்புகள்கூடச் செய்தார். ரொதேஸில் 2014இல் திறக்கப்பட்ட சூலாஜ் அருங்காட்சியகத்துக்குப் போனால் எட்சிங்குகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். பலர் அவருடைய பிற்காலப் பெரிய கருப்பு ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் மதிப்பீட்டில், கருப்பின் மேல் விழும் ஒளியைப் பற்றி அந்தக் கான்வாஸ்கள் தேடியதற்கான முதல் விடைகள் பல இந்தச் சின்னத் தகடுகளில் கிடைக்கின்றன.

எனவே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில்: படத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது கருப்புப் பட்டை தட்டையாக இல்லை என்பது தெரியும். ஆழமாக அரிபட்ட இடத்தில் மை காகிதத்தின் மேல் ஒரு மேடாக ஏறி நிற்கும். பட்டையின் ஓரத்தில், அமிலம் பூச்சுக்கு அடியில் புகுந்து அரித்த இடம் பிசிறாக இருக்கும். அந்த ஓரத்தை யாரும் வரையவில்லை. எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான் சூலாஜ் முடிவு செய்தார், அந்த முடிவில்தான் அவருடைய திறமை முழுவதும் இருக்கிறது. பழுப்புப் பகுதியைப் பாருங்கள்: அதில் கருப்பிலுள்ள புடைப்பு இருக்காது, அக்வாடின்ட்டின் சன்னமான மணல் மட்டும் இருக்கும். ஆழமும் மேலோட்டமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதைத்தான் கண் தூரத்திலிருந்து 'பட்டைகள்' என்று எடுத்துக்கொள்கிறது.

அந்தக் காலத்தில் இப்படித் தகட்டிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்தவர் சூலாஜ் மட்டும் அல்ல. ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர் 1927இல் பாரிஸில் தொடங்கிய பட்டறை பின்னாளில் 'அதெலியே 17' என்று பெயர் பெற்றது. போர் வந்ததும் 1940இல் நியூயார்க்குக்கு இடம் மாறி, 1950இல் பாரிஸ் திரும்பியது. நியூயார்க்கில் இருந்தபோது அமெரிக்க அருவ ஓவியர் ஜாக்சன் பொல்லாக் அங்கே 1944-45இல் தகடு கீறினார். அவர் உயிரோடு இருந்தவரை அவை பதிப்பாக வரவில்லை, 1967இல்தான் அச்சிட்டார்கள்.

ஹேட்டரின் பாரிஸ் பட்டறைக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சித்தூர் மாவட்டத்தில் 1925இல் பிறந்து, சாந்திநிகேதனில் படித்த கிருஷ்ண ரெட்டி, 1940களின் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவை நடத்தினார். பிறகு லண்டன், அங்கிருந்து பாரிஸ், கடைசியில் அதெலியே 17. அங்கே அவரும் பம்பாயிலிருந்து போன கைகோ மோத்தியும் ஹேட்டரோடு சேர்ந்து ஒரு புதிய வண்ண அச்சுமுறையை உருவாக்கினார்கள். எண்ணெய் அதிகமான மையும் எண்ணெய் குறைந்த மையும் ஒன்றோடொன்று கலக்காமல் விலகும் என்பதுதான் அதன் சூட்சுமம். ஆழம் வேறுபட்ட ஒரே தகட்டில் கடினமான உருளை மேட்டுக்கும் மிருதுவான உருளை பள்ளத்துக்கும் வெவ்வேறு வண்ணம் ஏற்றும். எல்லா வண்ணமும் ஒரே அழுத்தத்தில் காகிதத்துக்கு வரும். அதற்கு முன்பு நிறத்துக்கு ஒரு தகடு என்று வைத்து, ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் அச்சிட வேண்டியிருந்தது. ரெட்டி சிற்பியும்கூட. அவருடைய தகடுகளைப் பார்த்தால் தாழ்புடைப்புச் சிற்பங்களாகவே இருக்கும். 1972இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2018இல் நியூயார்க்கில் மறைந்தார். சூலாஜ் அமிலத்தால் கருப்பை ஆழப்படுத்தினார், ரெட்டி ஆழத்தை வண்ணமாக்கினார். இருவருக்கும் தகடு என்பது தடவிப் பார்க்கும் பொருள்.

இனி வாங்குவது பற்றி. முதலில் ஓர் எச்சரிக்கை. அக்வாடின்ட் என்று போட்டிருப்பதால் மட்டும் ஒன்று மூலப்படைப்பு ஆகிவிடாது. 1920களில் ஜாக் வில்லோன் என்ற சிறந்த கலைஞர் மத்தீஸ், பிக்காசோ முதலியோரின் ஓவியங்களைப் பார்த்து வண்ண அக்வாடின்ட்டாகச் செய்துகொடுத்தார். அழகான வேலைதான், ஆனால் அவை இன்னொருவர் படத்தின் பெயர்ப்புகள். போருக்குப் பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. கீழே ஓவியரின் கையெழுத்தும் இருக்கும். 1960இல் வியன்னாவில் கூடிய சர்வதேசக் கலைஞர் மாநாடு மூல அச்சோவியம் என்றால் என்ன என்று வரையறுக்க முற்பட்டதற்கு இந்தக் குழப்பமும் காரணம். கலைஞரின் முழுமையான படைப்புப் பட்டியல் நூல் இருந்தால், அதில் இந்தத் தகடு எந்த எண்ணில் வருகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் விலகிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று கைவசம் இருக்கட்டும். ஆஃப்செட்டில் அச்சான பிரதியில் சீரான வரிசையில் புள்ளிகள் தெரியும், வண்ணமானால் அவை சிறு பூவட்டங்களாகச் சேர்ந்திருக்கும். அக்வாடின்ட்டில் வரிசை இருக்காது. கருப்பு வலைப்பின்னலுக்கு நடுவே ஒழுங்கற்ற வெள்ளைத் தீவுகள் தெரியும், ஒவ்வொரு தீவும் ஒரு பிசின் துகள் காப்பாற்றிய இடம். தகட்டின் அழுத்தத் தடத்தை மட்டும் நம்பாதீர்கள், ஆஃப்செட் தாளில் போலியாக அதை அமுக்கி உண்டாக்குவதும் உண்டு. காகிதத்தின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆழமாக அரித்த தகடு என்றால் பின்னாலும் அதன் உருவம் குழிவும் மேடுமாகத் தெரிய வேண்டும்.

பென்சிலில் 12/50 என்று எழுதியிருந்தால் ஐம்பதில் பன்னிரண்டாவது தாள் என்று பொருள். சிறிய எண் உயர்ந்தது என்று சொல்லி விலையேற்றுவார்கள். அச்சிட்ட வரிசையிலேயே எண்ணிடுவது வழக்கமும் அல்ல, கட்டாயமும் அல்ல. ஆகவே எண்ணைவிட அச்சின் தரத்தைப் பாருங்கள். அழுத்தியில் போகப் போக முதலில் தேய்வது அக்வாடின்ட்டின் மணல்தான். கோயாவின் தகடுகளிலிருந்து அவர் இறந்த பிறகு எடுத்த பிற்காலப் பதிப்புகளில் இரவு வெறும் சாம்பலாகிப் போயிருப்பதை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 20ஆம் நூற்றாண்டில் செம்புத் தகட்டின் மேல் மின்முலாமாக இரும்பு ஏற்றிக் காப்பாற்றினார்கள், அதனால் பதிப்பின் முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

தாளின் நான்கு ஓரமும் முழுதாக இருக்க வேண்டும். சட்டத்துக்குப் பொருந்துவதற்காக ஓரத்தை வெட்டியிருந்தாலோ, அட்டையில் பசைபோட்டு ஒட்டியிருந்தாலோ வாங்க வேண்டாம். ஒட்டும்போது அழுத்தித் தட்டையாக்கிவிடுவார்கள், அதோடு அந்தப் புடைப்பும் போய்விடும். சூலாஜின் தாளில் புடைப்பு போனால் பாதிப் படம் போனதற்குச் சமம். சென்னை ஈரப்பதத்தில் அமிலத்தன்மையுள்ள அட்டை ஒரு சில ஆண்டுகளிலேயே தாளைப் பழுப்பாக்கிவிடும். அமிலமற்ற அட்டை, தாளைத் தொடாத கண்ணாடி, வெளிச்சுவரில் அல்லாமல் உட்சுவரில் மாட்டுதல், இவை மூன்றும் கட்டாயம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் அச்சோவியம் கற்றுத்தருகிறார்கள். கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்திலும் கிராஃபிக்ஸ் பட்டறை இருக்கிறது. முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு, யாராவது தகடு அரிக்கும் நாளில் போய், அரித்த தகட்டையும் அதிலிருந்து எடுத்த தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.